விசாரணை அறையிலிருந்து திரும்பியவனை எழுதுவது

கேள்வி இதுதான்: நீங்கள் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நாயகன் முன்னாள் ராணுவ வீரன். போர்க்காலத்தில் கைதிகளை விசாரிக்கும் வேலை பார்த்தவன், இப்போது தன்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊரில் கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைக்கிறான். தினமும் நடுராத்திரியில் அலறிக்கொண்டு எழுகிறான். அவன் அடித்து வாங்கிய ஒரு தகவலால் நூறு பேர் உயிர் பிழைத்தார்கள் என்று நடுவில் ஓர் அத்தியாயம் வருகிறது. கடைசியில் தன் கையில் சிக்கிச் சீரழிந்த ஒருவரைத் தேடிப்போய்க் காலில் விழுகிறான், அவரும் மன்னிக்கிறார். இது நம்பும்படி இருக்கிறதா, எதைச் சேர்க்கலாம், எதை எடுக்கலாம்?

கடிகாரக் கடை நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். அலறலையும் நூறு பேரையும் எடுத்துவிடலாம் என்பேன். கடைசிக் காட்சிக்குக் கொஞ்சம் பொறுங்கள், இருப்பதிலேயே பெரிய சிக்கல் அதுதான்.

முதலில் அலறல். கெட்ட கனவே வராது என்று சொல்லவில்லை, வரும். ஆனால் திடுக்கிட்டு எழுவது, யாராவது கதவை அடித்துச் சாத்தினால் பதுங்குவது, கூட்டத்தில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பது, இதெல்லாம் உயிர்ப்பயத்தைப் பார்த்த உடம்பு செய்கிற வேலை. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பிடிஎஸ்டி (பயங்கரத்தைச் சந்தித்தபின் விடாமல் தொடரும் மனப்பாதிப்பு) என்ற பெயரைத் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தபோது மனதில் இருந்ததும் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்தான், தனக்கு ஏதோ பயங்கரம் நடந்துவிட்ட ஒருவர். உங்கள் ஆள் அப்படியா? அந்த அறையிலேயே பத்திரமாக இருந்தது அவன்தான். சாவி அவனிடம், தண்ணீர்க் குவளை அவனிடம், விளக்கை அணைப்பதா வேண்டாமா என்பது அவன் இஷ்டம். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை, அவன் நடத்தினான்.

இதற்குத் தனியாக ஒரு பெயர் இருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு பாஸ்டனில் சிகிச்சை கொடுத்த ஜொனாதன் ஷே என்ற மருத்துவர் 1990-களில் ‘மாரல் இஞ்சுரி’ என்று பேச ஆரம்பித்தார். அவர் முக்கியமாகச் சொன்னது மேலே இருந்தவர்கள் செய்த துரோகத்தை. 2009-ல் பிரெட் லிட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதை இன்னும் விரித்து, ஒருவன் தானே செய்ததும், தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதும்கூட இதே காயத்தைக் கொடுக்கும் என்றார்கள். தமிழில் அறக்காயம் என்று சொல்லிப் பார்க்கலாம், கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது, பரவாயில்லை. பயத்தால் வந்த காயம், ஆபத்து போய்விட்டது என்று உடம்பு நம்ப ஆரம்பித்தால் மெல்ல ஆறத் தொடங்கும். அறக்காயத்துக்கு அந்த மருந்து வேலை செய்யாது, ஏனென்றால் பத்திரமாக இருப்பதே அவனை உறுத்துகிறது. வெயில் விழுகிற ஜன்னல், துவைத்த போர்வை, பசிக்கிற நேரத்துக்குச் சாப்பாடு, எல்லாமே தனக்கு அதிகப்படி என்று தோன்றும். யாராவது நல்லவன் என்று சொன்னால் எரிச்சல் வரும். தன்னை நேசிக்க ஆரம்பிக்கிறவர்களிடமிருந்து காரணமே சொல்லாமல் கழன்றுகொள்வான். உங்கள் கதையில் ராத்திரியைவிடப் பகல்தான் அவனுக்குக் கஷ்டமாக இருக்க வேண்டும்.

சரி, அப்புறம் வேலைக்கு வருவோம். உங்கள் வர்ணனையில் விசாரணை என்றால் கத்தல், அடி, ரத்தம். நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள், நம்மிடமும் அடி உதவுவது மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று பழமொழியே இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் பெயரெடுத்த ஆட்களைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானப்படைக்காக ஓபருர்செல் என்ற இடத்தில் நேச நாட்டு விமானிகளை விசாரித்த ஹான்ஸ் ஷார்ஃப் கைதியைத் தொட்டதே இல்லை. தப்பி ஓடமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு காட்டுப்பக்கம் நடக்கக் கூட்டிப்போவார். தனக்கு எல்லாமே ஏற்கெனவே தெரியும் என்கிற மாதிரிப் பேசுவார், நடுவே வேண்டுமென்றே ஒரு தப்பைச் சேர்ப்பார். ரசாயனப் பற்றாக்குறையால்தான் உங்கள் விமானங்களின் ஒளிக்குண்டுகள் (போகிற தடம் தெரிய ஒளிவிடும் துப்பாக்கிக் குண்டுகள்) இப்போதெல்லாம் வெள்ளையாகப் போகின்றனவாமே என்று ஒரு விமானியிடம் போகிற போக்கில் சொன்னாராம். அந்த ஆள், அதெல்லாம் இல்லை, குண்டு தீரப்போகிறது என்று எங்களுக்குத் தெரிவதற்காகத்தான் கடைசியில் வெள்ளை வருகிறது என்று திருத்தியிருக்கிறார். தான் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட்டோம் என்றே அவருக்குத் தெரியாது. போருக்குப் பிறகு ஷார்ஃப் அமெரிக்காவுக்கே குடிபோய் மொசைக் கலைஞராகிவிட்டார். ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டில் சிண்டரெல்லா கோட்டைச் சுவரில் அவருடைய குழுவின் கைவேலை இருக்கிறது, குழந்தைகள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். (உங்கள் கடிகாரக்காரனுக்கு இவர் தூரத்து உறவு போலத்தான் எனக்குத் தோன்றியது. பொடிப்பொடித் துண்டுகளை இடம் பார்த்துப் பொருத்துகிற கை.)

எதிர்த்தரப்பில் ஷெர்வுட் மொரான் என்று ஒருவர். ஜப்பானில் பல ஆண்டுகள் பாதிரியாராக இருந்துவிட்டு வயதான காலத்தில் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தவர். ஜப்பானியக் கைதிகளிடம் எப்படிப் பேசுவது என்று 1943-ல் ஒரு குறிப்பு எழுதினார். சாரம் என்னவென்றால், முதலில் காயத்துக்கு மருந்து போட்டார்களா என்று கேள், அவன் மொழியில் பேசு, வென்றவன் என்ற நினைப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ. அதே போரில் வர்ஜீனியா மாநிலத்தின் ஃபோர்ட் ஹன்ட் முகாமில் ஜெர்மன் கைதிகளை விசாரித்தவர்கள் பல பத்தாண்டுகள் வாய் திறக்காமல் இருந்துவிட்டு 2007-ல் முதியவர்களாகக் கூடியபோது, சதுரங்கம் ஆடித்தான் தகவல் வாங்கினோம் என்று பெருமையாகச் சொன்னார்கள்.

இதை எல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நல்ல விசாரணையாளனின் கருவி நெருக்கம். கைதியின் மகள் பெயர் அவனுக்குத் தெரியும், எந்தப் பல்லில் வலி, எந்தக் கேள்விக்கு இடது கை விரல் மடங்குகிறது, எந்த ஊரின் பெயரைச் சொன்னால் குரல் இறங்குகிறது என்று தெரியும். அந்த ஆளைப் பெற்ற தாயைவிட உன்னிப்பாகக் கேட்டவன் அவன். அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்தே பிறகு உடைத்தவனும் அவன். உங்கள் நாயகனை வெறும் முரடனாக எழுதினால் இந்தக் கொடுமை கைநழுவிப் போய்விடும். அவனைத் திறமைசாலியாக, அதில் பெருமை இருந்தவனாக எழுதுங்கள். அந்தத் திறமை ராணுவ உடையோடு கழற்றி வைக்கிற பொருள் இல்லை, அதுதான் அவனை விடாமல் பின்தொடர்கிறது. வீட்டில் மகள் எங்கே போயிருந்தாள் என்பதற்குச் சின்னதாக ஒரு பொய் சொல்கிறாள். அவன் ஒன்றும் சொல்லாமல் நான்கு நொடி சும்மா இருக்கிறான். மௌனம் எப்படி வேலை செய்யும் என்று அவனுக்குத் தெரியும். ஐந்தாவது நொடியில் மகள் தானாகவே எல்லாவற்றையும் கொட்டி அழுகிறாள். மனைவி வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கே அவன் முகம் எப்படி இருந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். நூறு அலறல் அதற்கு ஈடாகாது.

ஃபிரான்ஸ் ஃபனான் என்ற மனநல மருத்துவர், 1953 முதல் 1956 வரை, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் பிளிதா மருத்துவமனையில் இருந்தவர், பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள் சிலரையும் நோயாளிகளாகப் பார்த்திருக்கிறார். 1961-ல் வந்த புத்தகத்தில் அந்தக் குறிப்புகள் இருக்கின்றன. அதில் ஒரு இன்ஸ்பெக்டர், நாள் முழுவதும் சித்திரவதை செய்வதுதான் வேலை, வீட்டுக்கு வந்தால் மனைவி மக்களையும் அடிக்கிறார், ஒரு நாள் மனைவியை நாற்காலியில் கட்டிப்போட்டே அடித்திருக்கிறார். அவர் மருத்துவரிடம் கேட்ட உதவி என்ன தெரியுமா? வேலையை விட வழி கேட்கவில்லை. மனசாட்சி உறுத்தாமல், நிதானமாக அந்த வேலையைத் தொடர உதவி செய்யுங்கள் என்றார். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குப் புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றும். உங்கள் நாயகன் போருக்கு நடுவில் இப்படி ஏதாவது கேட்டவனாக இருக்கட்டும், பிறகு வருகிற வருத்தத்துக்கு எடை கூடும்.

எப்படி அவன் அந்த இடத்துக்கு வந்தான் என்பதை நீங்கள் ஒரே பத்தியில் ‘மேலிடத்து உத்தரவு’ என்று முடித்துவிட்டீர்கள். அது போதாது. கிரீஸில் 1967 முதல் 1974 வரை ராணுவ ஆட்சி நடந்தது, அதன் ராணுவப் போலீஸார் மீது 1975-ல் வழக்கு நடந்தபோது மிக்கா ஹாரிட்டோஸ் ஃபதூரோஸ் என்ற உளவியலாளர் அந்த ஆட்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். அவர்கள் பிறவிக் கொடூரர்கள் இல்லை, கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த சாதாரணப் பையன்கள். பயிற்சியில் முதலில் அவர்களையே அடித்து அவமானப்படுத்தினார்கள். பிறகு கைதிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலை, காவல் வேலை, பிறகு நின்று பார்க்கிற வேலை, பிறகு கூட்டத்தோடு சேர்ந்து இரண்டு அடி. கடைசிப் படிக்கு வரும்போது அது ஒரு பெரிய தாண்டலாகவே தெரியாது. உங்கள் ஆளும் தட்டு கொண்டுபோனவனாக ஆரம்பிக்கட்டும். பின்னாளில் அவன் திரும்பத் திரும்ப யோசிக்க வேண்டியது எந்தப் படியில் திரும்பியிருக்கலாம் என்பதை, அதற்கு அவனுக்கு விடை கிடைக்கக் கூடாது. உத்தரவு ஒரு சாக்காகாது என்று 1984-ல் ஐநா ஏற்றுக்கொண்ட சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை தன் இரண்டாவது பிரிவிலேயே சொல்லிவிட்டது, போர் உட்பட எந்த அசாதாரண நிலையும் காரணமாகாது என்றும் சேர்த்துத்தான். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் தனக்குள் வழக்காடிக்கொண்டே இருப்பான்.

அடிக்காமலே செய்தவனாகவும் அவனை வைக்கலாம். 1971-ல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷார் தாங்கள் காவலில் வைத்த 14 பேரிடம் ஐந்து முறைகளைக் கையாண்டார்கள்: சுவரைப் பிடித்தபடி மணிக்கணக்கில் நிற்கவைப்பது, தலைக்கு முகமூடி, ஓயாத இரைச்சல், தூங்கவிடாமை, சோறு தண்ணீர் குறைப்பு. 1978-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது மனிதத்தன்மையற்றது, இழிவுபடுத்துவது, ஆனால் சித்திரவதை என்ற அளவுக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அந்தச் சொல் விளையாட்டுக்குள் ஒரு மனிதன் எத்தனை வருடம் ஒளிந்துகொள்ளலாம் என்று யோசித்துப் பாருங்கள். ‘நான் ஒரு விரலும் வைக்கவில்லை’ என்று அவன் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அது உண்மைதான்.

இப்போது அந்த நூறு பேர். இதை எடுக்கச் சொல்வதற்கு அறம் மட்டும் காரணமில்லை, நிஜத்தில் இப்படி நடந்ததாகக் காட்டுவது கதையை மலிவாக்குகிறது. வலி ஆளைப் பேசவைக்கும், அதில் சந்தேகமில்லை. உண்மையைப் பேசவைக்குமா என்பதுதான் கேள்வி. தூங்காமல் கிடக்கிற மூளைக்கு நினைவே குழம்பிப்போகிறது, அடி நிற்க வேண்டும் என்கிறவன் எதிரில் இருப்பவர் எதைக் கேட்க விரும்புகிறாரோ அதைச் சொல்வான். இப்னு அல் ஷேக் அல் லிபி என்ற கைதியை எகிப்துக்குக் கொண்டுபோய் விசாரித்தபோது, அல் காய்தாவுக்கு ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது இராக் என்று சொன்னார். 2003 பிப்ரவரியில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐநாவில் பேசிய உரையில் அது இடம்பிடித்தது, அடுத்த மாதம் இராக் போர் தொடங்கிவிட்டது. பிறகு அந்த ஆள், அடி தாங்காமல் சொன்னேன் என்று மாற்றிச் சொன்னார். 2014 டிசம்பரில் அமெரிக்க செனட் குழு, சிஐஏ உளவுத்துறை நடத்திய விசாரணைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையின் சுருக்கமே 500 பக்கத்துக்கு மேல், ஒருவருக்கு 83 தடவை மூச்சுத்திணறத் தண்ணீர் ஊற்றியதெல்லாம் அதில் இருக்கிறது. அந்த முறைகள் பலன் கொடுத்தன என்று உளவுத்துறை சொன்னதை அந்தக் குழு ஏற்கவில்லை.

ஆகவே உங்கள் நாயகனுக்கு அந்த நூறு பேரைக் கொடுத்து ஆறுதல்படுத்தாதீர்கள். ஒரு பெயர் கிடைத்தது, அவன் எழுதி மேலே அனுப்பினான், மறுநாள் வேறு கைதி வந்தான், அவ்வளவுதான் என்று வையுங்கள். அந்தப் பெயருக்குரியவன் யார், அவனை என்ன செய்தார்கள், அவன் உண்மையிலேயே ஏதாவது செய்தவனா, இல்லை வலியில் வாய்க்கு வந்த பக்கத்து வீட்டுக்காரனா? விசாரிக்கிறவனுக்கு முடிவு தெரிவதே அபூர்வம். வாழ்நாள் முழுக்க உண்மையைக் கறக்கிற வேலை பார்த்தவனுக்குத் தான் கறந்தது உண்மையா என்று தெரியாது. இந்த ஒரு முள் போதும் முந்நூறு பக்கத்துக்கு.

இன்னொரு ஆளையும் நீங்கள் மறந்துவிட்டீர்கள், மொழிபெயர்ப்பாளர். வேற்று மொழிக் கைதி என்றால் அறையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கைதி ‘நான்’ என்றால் அவரும் ‘நான்’ என்கிறார், அதிகாரி மிரட்டினால் அந்த மிரட்டலும் அவர் வாயிலிருந்துதான் வருகிறது. இரண்டு பேருடைய ‘நான்’-ஐயும் சுமந்தவர் அவர். உங்கள் கதையில் தேடிப்போக ஓர் ஆள் வேண்டுமென்றால் இவரைத் தேடிப்போகச் சொல்லுங்கள், பாதிக்கப்பட்டவரைவிட இது எனக்கு நம்பும்படி இருக்கும்.

ஏனென்றால் அந்தக் கடைசிக் காட்சி. ஃபனானின் குறிப்புகளில் இன்னொன்று உண்டு. ராத்திரி முழுக்க அலறல் கேட்கிறது என்று ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற ஒரு போலீஸ்காரர் (உங்கள் நாயகன் அலறுகிறான், இவருக்கோ மற்றவர்களின் அலறல் கேட்கிறது, வித்தியாசத்தைக் கவனியுங்கள்). ஒரு நாள் மருத்துவமனை வளாகத்தில் எதிரே ஒரு அல்ஜீரிய நோயாளி வந்தார், தன்னிடம் சிக்கியவர் என்று அடையாளம் தெரிந்துவிட்டது. ஃபனான் வந்து பார்க்கும்போது போலீஸ்காரர் ஒரு மரத்தில் சாய்ந்து வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். நோயாளியைக் காணோம் என்று தேடினால், கழிப்பறையில் தற்கொலைக்கு முயன்றுகொண்டிருக்கிறார். தன்னைத் திரும்பவும் பிடித்துக்கொண்டுபோக அந்த ஆள் வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்.

உங்கள் நாயகன் கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவருக்கு என்ன கேட்கும் என்று யோசித்தீர்களா? காலில் விழுவது நமக்குக் கதையாகப் பழகிப்போன காட்சி, விழுகிறவன் கண்ணீரைத்தான் பார்க்கிறோம். மேலே நிற்கிறவர் நிலையில் பாருங்கள். முன்பு தகவல் கேட்டு வந்தவன் இப்போது மன்னிப்புக் கேட்டு வந்திருக்கிறான், இரண்டு தடவையும் அவர் எதையாவது கொடுத்தால்தான் அவன் எழுந்து போவான். லூயிசெட் இகிலாஹ்ரிஸ் என்ற அல்ஜீரியப் பெண்மணி, 1957-ல் பிரெஞ்சுப் படையிடம் சிக்கி மாதக்கணக்கில் சித்திரவதைப்பட்டவர், 2000-ல் தன் கதையை வெளியே சொன்னார். யாரைத் தேடிக்கொண்டிருந்தார் தெரியுமா? துன்புறுத்தியவர்களை அல்ல, தன்னை அங்கிருந்து மீட்டு மருத்துவமனைக்கு அனுப்பிய ஒரு ராணுவ மருத்துவரை, நன்றி சொல்வதற்காக. அவர் நினைவில் 40 வருடமாக இடம் பிடித்திருந்தது அந்த முகம்.

அதைப் படித்த பிறகுதான் அன்று அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸில் பிரெஞ்சுத் தளபதியாக இருந்த ஜாக் மஸ்ஸு, 90 வயதைத் தாண்டிய நிலையில், சித்திரவதை இல்லாமலே செய்திருக்கலாம் என்று வருத்தம் தெரிவித்தார். அவர் கீழ் உளவுப் பணி பார்த்த பால் ஒஸ்ஸரெஸ் அதே காலத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, வருத்தம் ஒன்றும் இல்லை என்றார், நீதிமன்றம் அபராதம் போட்டது, அரசு கொடுத்த பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரே போர், ஒரே வேலை, இரண்டு கிழவர்கள். உங்கள் நாயகனுக்கு ஒரு பழைய தோழனை இந்த இரண்டாமவர் சாயலில் கொடுங்கள். நன்றாகத் தூங்குகிறவன், பேரக்குழந்தைகளோடு சிரிக்கிறவன். அவனைப் பார்க்கும்போது நாயகனுக்கு அருவருப்பா பொறாமையா என்று அவனுக்கே தெரியக் கூடாது.

மன்னிப்பு வேண்டவே வேண்டாமா என்றால், சிகிச்சையில் ஒரு வழி இருக்கிறது, லிட்ஸின் குழு உருவாக்கியது. பாதிக்கப்பட்டவரைத் தொந்தரவு செய்யாமல், தான் மிகவும் மதிக்கிற, தன்மேல் அக்கறை உள்ள ஒருவரை எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, செய்ததை முழுக்கச் சொல்லவேண்டும், பிறகு அந்த ஆள் என்ன பதில் சொல்வார் என்பதையும் தானே சொல்லவேண்டும். உங்களுக்கு இது அட்டகாசமான காட்சி. மறுபடியும் ஒரு அறை, இரண்டு நாற்காலி. இந்தத் தடவை கேள்வி கேட்கிறவர் வேறு. யாரை அவன் எதிரே உட்காரவைப்பான் என்பதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் பாதி நாவல் முடிந்த மாதிரி.

முடிவுக்கு என்னிடம் கேட்டால், கடையிலேயே வைத்துக்கொள்வேன். ஒரு பையன் உடைந்த கடிகாரத்தோடு வருகிறான், அப்பாவுடையது, தானாக விழுந்துவிட்டது என்கிறான். கண்ணாடி உடைந்திருக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரிகிறது அது எறியப்பட்டது என்று, பையனின் புறங்கையில் ஒரு கன்றலும் இருக்கிறது. நாயகனுக்கு எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்டால் மூன்று நிமிடத்தில் எல்லாம் வெளியே வரும் என்று தெரியும், வாய்வரை வந்துவிடுகிறது. கேட்டால் பழைய ஆள், கேட்காமல் விட்டால் அந்தப் பையன் அப்படியே அந்த வீட்டுக்குத் திரும்புகிறான். அவன் ரசீது எழுத ஆரம்பிக்கிறான், பேனா மெதுவாகப் போகிறது, பையன் கிளம்பாமல் நிற்கிறான்.